இராஜாஜியும் சித்தூர் வழக்கும்

சென்ற திங்கள் நம் மன்றத்தின் மலர்க்குழு கூடியபோது, இந்த வட்டாரத்தோடு தொடர்புடைய தமிழ்ப் பெரியார் ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதவேண்டும் என்று முடிவாயிற்று. நான் இராஜாஜியின் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்தியைக் கட்டாயமாக்கியவர் என்றார் ஒரு நண்பர். குலக்கல்வியைக் கொண்டுவந்தவர் என்றார் மற்றொருவர். கணிதம் பயிலும் மூன்றாம் நண்பர், அந்த மனிதருக்கும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் என்ன தொடர்பு என்று அமைதியாகக் கேட்டார். முதல் இருவர் சொன்னதும் உண்மையே. அவற்றை மறைக்காமல் எழுதுவதாக வாக்களித்தேன். மூன்றாமவர் கேட்ட கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை பிறந்தது.

என்னைப் பற்றியும் இரண்டு சொற்கள் சொல்லவேண்டும். என் தந்தையார் சேலத்துப் பக்கத்திலிருந்து சித்தூருக்கு மாங்கூழ்த் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர். வீட்டிலே தமிழ், வீதியிலே தெலுங்கு என்று வளர்ந்தவன் நான். இன்று வேங்கட மலையின் அடிவாரத்தில் வேதியியல் முதுநிலை வகுப்பில் இருக்கிறேன். என் பாட்டனாரின் தந்தை கோயிலுக்குள் நுழையும் உரிமை இல்லாதவர். தெருமுனையில் நின்று கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். அன்று அது சேலம் மாவட்டம். இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். தந்தையார் அவ்வூர் முன்சீப். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் எல்லை நாட்டிலே பிறந்தவர் என்பதை இங்குள்ள நாம் நினைவில் வைக்கலாம். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னையில் சட்டம் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவருடைய பெயர் விரைவில் பரவியது. மனைவியார் பெயர் அலர்மேல் மங்கம்மாள். அவரை நடுவயது வருமுன்னரே இழந்தார் இராஜாஜி. ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அறிவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு அவருடைய சேலத்து வாழ்க்கையில் இன்னொரு செய்தி இனிக்கிறது. 1916ஆம் ஆண்டிலேயே நண்பர் ஒருவரோடு சேர்ந்து தமிழ் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென்று ஒரு சங்கத்தை அவர் சேலத்தில் நிறுவினார். அதற்கென ஓர் இதழும் வெளியிட்டார். தமிழில் வேதியியலும் இயற்பியலும் கற்பிக்க முடியுமா என்று பலர் ஐயுற்ற காலம் அது. பிற்காலத்தில் திண்ணை ரசாயனம் என்ற நூலையும் அவர் எழுதினார். ஒரு வழக்குரைஞர் தமிழர்க்கு வேதியியல் சொல்ல முன்வந்தார் என்றால், வேதியியலே தொழிலாகக் கொள்ள இருக்கும் நாம் சற்று வெட்கப்படவேண்டாமா?

அவருடைய பொதுவாழ்வு பேரவைகளில் தொடங்கவில்லை. சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் பேசப்படும் நகராட்சி மன்றத்தில் தொடங்கியது. 1911இல் சேலம் நகராட்சி உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். நகராட்சித் தலைவர் பதவி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அங்கேதான் ஒரு மனிதனின் கொள்கை அண்டை வீட்டுக்காரனின் முகத்துக்கு எதிரே சோதிக்கப்படுகிறது. அக்கிரகாரத்துத் தண்ணீர்க் குழாய் வேலைக்குத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பணியாளர் ஒருவரை அவர் அமர்த்தினார். தெருவே திரண்டு எதிர்த்தது.  அவர் இணங்கவில்லை. அந்த ஆசாரசீலர், தண்ணீர் விஷயத்தில் ஆசாரத்தைக் கேட்க மறுத்துவிட்டார்.

1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இராஜாஜியின் இல்லத்தில்தான் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைத்து நோன்பிருக்கும் எண்ணம் அடிகளுக்கு அந்த வீட்டில்தான் தோன்றிற்று. ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும், நிறைந்த வருமானம் தந்த தொழிலை இராஜாஜி உதறினார். ஆங்கிலேயர் நீதிமன்றத்தின் வாயிலை மிதிப்பதில்லை என்பது அந்த இயக்கத்தின் விதிகளில் ஒன்று. அவ்விதியைத் தளர்த்தக்கூடாது என்று வாதாடியவர்களில் அவரே முதல்வர். 1921இன் இறுதியில் வேலூர்ச் சிறைக்கும் போய்வந்தார். 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று மூன்று பணிகளில் மூழ்கினார்.

இந்த இடத்திலேதான் சித்தூர் வருகிறது.

திருப்பதிக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில் திருச்சானூர் இருக்கிறது. அலர்மேல் மங்கைத் தாயாரின் கோயில் உள்ள ஊர். இன்று அது திருப்பதி மாவட்டம்; அன்று சித்தூர் மாவட்டம். 1925ஆம் ஆண்டு வாக்கில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பக்தர் ஒருவர் அக்கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார். அவர் எதையும் திருடவில்லை, எதையும் உடைக்கவில்லை. பக்தி மேலீட்டால் எல்லாரும் போகும் இடத்துக்குத் தாமும் போனார். அதற்காக அவரைப் பிடித்து, சமயத்தை இழிவு செய்தார் என்று குற்றஞ்சாட்டினார்கள். கீழ் நீதிமன்றம் தண்டனையும் விதித்தது. மேல்முறையீடு சித்தூருக்கு வந்தது.

செய்தி இராஜாஜிக்கு எட்டியது. அவர் நீதிமன்றத்தை விட்டு ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. நீதிமன்றப் புறக்கணிப்பு என்ற நோன்பை நாட்டுக்கே எடுத்துச் சொன்னவர் அவர். அவரே சென்று வாதாடினால் நோன்பு என்னாவது? போகாவிட்டால் அந்த மனிதர் என்னாவது? இரண்டையும் துலாக்கோலில் வைத்தார். பிறகு சித்தூருக்குப் புறப்பட்டார்.

சட்டத்தின் நுட்பம் இது. ஒரு வழிபாட்டிடத்தைத் தீட்டுப்படுத்தியது குற்றமாகவேண்டுமானால், சமயத்தை இழிவுசெய்யும் நோக்கம் இருக்கவேண்டும் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் கூறியது. வணங்க வந்தவனுக்கு இழிவுசெய்யும் நோக்கம் எங்கிருந்து வரும்? கும்பிட்ட கையைக் குற்றத்தின் சான்றாகக் காட்ட முடியுமா? மேல்முறையீட்டில் அந்த மனிதர் விடுதலையானார். காந்தியடிகள் தம் யங் இந்தியா இதழில் இவ்வழக்கைப் பற்றி எழுதினார். வென்றது சட்ட நுட்பத்தால்தான். கோயிற் கதவு அப்படியேதான் மூடியிருந்தது. ஆயினும், கும்பிடப் போனதற்காக ஒருவன் சிறைக்குப் போகவேண்டியதில்லை என்பது அன்று சித்தூரில் நிலைநாட்டப்பட்டது.

தம் நோன்பைத் தாமே மீறிய அந்த நாளை நான் இராஜாஜி வாழ்வின் மிக உயர்ந்த நாட்களில் ஒன்றாகக் கருதுகிறேன். தலைமை ஆளுநராக அவர் அமர்ந்த நாளினும் அது உயர்ந்தது என்றே சொல்வேன். விதியைக் காப்பவனுக்கு, எந்த மனிதனுக்காக எந்த விதி விலகவேண்டும் என்பதும் தெரியவேண்டும் அன்றோ?

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களை நடத்திச் சென்று உப்பெடுத்துச் சிறை புகுந்தார் இராஜாஜி. 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்றைய மாகாணம் ஒரிசா எல்லையிலிருந்து மலையாளக் கரை வரை பரந்தது. சித்தூரும் திருப்பதியும் அதற்குள் அடங்கின. கடனில் மூழ்கிய உழவர்க்கு 1938ஆம் ஆண்டின் கடன் நிவாரணச் சட்டம் கைகொடுத்தது. மதுவிலக்கை 1937 அக்டோபர் முதல் நாள் தம் சொந்தச் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். மறு ஆண்டு அது சித்தூருக்கும் கடப்பைக்கும் நீட்டப்பட்டது. என் பாட்டியின் தாயார், மாலையில் கணவர் கூலியோடு வீடு வந்த காலம் என்று அந்த ஆண்டுகளை நினைவுகூர்வாராம். கள்ளுக்கடை வருமானம் போனதால் அரசுக்கு வந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்திய நாட்டில் பிற மாகாணங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று.

கோயிற் கதவோ மெல்லத்தான் திறந்தது. 1938இல் எம். சி. ராஜா மாகாணம் முழுமைக்குமாக ஓர் ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். சித்தூரில் வாதாடிய இராஜாஜி அதை ஆதரிப்பார் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர். அவர் ஆதரிக்கவில்லை. முதலில் மலபாருக்கு மட்டும் சட்டம் போதும், மக்கள் மனம் பக்குவப்படட்டும் என்பது அவர் எண்ணம். ராஜா அடைந்த ஏமாற்றம் நியாயமானதே. 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட வகுப்பினரை அழைத்துச் சென்றபோது, அவர்களுக்கும் கோயில் அதிகாரிகளுக்கும் வழக்குத் தொல்லை வராதபடி காப்புச் சட்டம் செய்தது இராஜாஜியின் அரசு. மாகாணத்துக் கோயில்கள் அனைத்தையும் திறந்துவிட்ட சட்டம் 1947இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்தது. படிப்படியாகச் செல்வது நல்லதுதான். ஆனால் படியின் மேலே நிற்பவனுக்கு ஒன்பதாண்டு சிறியது. கீழே நிற்பவனுக்கு அது ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவம்.

இதே ஆட்சியில்தான் இந்தியும் வந்தது. 1938இல் உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழகம் கொதித்தெழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோது உயிர் நீத்தனர். அந்த ஆணை 1940இல் நீக்கப்பட்டது. பிற்காலத்தில் இராஜாஜியே இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்துப் போரிட்டார். மனம் மாறுவது இழுக்கன்று. ஆயினும் அந்த இருவர் திரும்பி வரவில்லை.

நடுவணரசில் அவர் ஏறிய படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942இல், முஸ்லிம் லீக்கின் கோரிக்கையை ஏற்றுச் சமரசம் காணவேண்டும் என்று சொல்லிக் காங்கிரசைவிட்டு விலகினார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் சேரவில்லை. நாடே தூற்றியது. எனினும் 1946இல் அமைந்த இடைக்கால அரசில் அமைச்சரானார். 1947 ஆகஸ்டில், கலவரத்தால் புண்பட்டிருந்த மேற்கு வங்கத்தின் ஆளுநரானார். 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியத் தலைமை ஆளுநர். அப்பதவியில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. அவரோடு அப்பதவியும் முடிந்தது. பட்டேல் மறைந்தபின் 1951 வரை உள்துறை அமைச்சராகவும் இருந்தார். தொரப்பள்ளி முன்சீப்பின் மகன், வைசிராய்கள் வாழ்ந்த மாளிகையில் கதராடையோடு உலவினார்.

இவ்வளவு உயரம் ஏறியவர் 1952 ஏப்ரலில் மீண்டும் சென்னைக்கு முதலமைச்சராக இறங்கிவந்தார். தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அவர் தேர்தலில் நிற்கவும் இல்லை. மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டுப் பதவி ஏற்றார். மக்களிடம் வாக்குக் கேளாமல் வந்த ஆட்சி என்ற குறை அன்றே எழுந்தது. அவ்வாண்டு ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக நீக்கினார். பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினர். அரிசி கடைக்கு வந்தது. கட்டுப்பாடுகளை நீக்கினால் மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வர் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போது உறுதிப்பட்டது.

அந்த ஆட்சியில்தான் நம் ஊர்களின் தலையெழுத்தும் மாறியது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ஆம் நாள் உண்ணாநோன்பில் உயிர் துறந்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் தமிழரிடமே இருக்கவேண்டும் என்பதில் இராஜாஜி உறுதியாக நின்றார். சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்குப் போயிற்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகச் சொல்லும் வேங்கடம் எல்லைக்கு அப்பால் ஆயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடியதன் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது, திருப்பதி சேரவில்லை. இதை நான் மனத்தாங்கலோடு எழுதவில்லை. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் இருபுறமும் இருமொழியும் பேசும் வீடுகள் இருக்கும். அவ்வீடுகளில் ஒன்று எங்களுடையது.

இனி 1953ஆம் ஆண்டுத் திட்டம். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் மூன்று மணி நேரம் படித்தால் போதும். எஞ்சிய நேரத்தில் தந்தையின் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். பள்ளியிடம் குறைவு, ஆசிரியர் குறைவு, சேராத பிள்ளைகள் ஏராளம் என்பன அவர் சொன்ன காரணங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம். கணக்கில் பிழையில்லை. ஆனால் தந்தையின் தொழில் என்பது எல்லாருக்கும் ஒன்றா? வழக்குரைஞர் மகன் தந்தையின் தொழிலைக் கற்பதும், தோட்டியின் மகன் தந்தையின் தொழிலைக் கற்பதும் ஒன்றாகுமா? பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

என் பாட்டனார் தம் தந்தையின் தொழிலைக் கற்கவில்லை, எழுத்தைக் கற்றார். அதனால் என் தந்தையார் தொழிற்சாலையில் கணக்கெழுத முடிந்தது. அதனால் நான் இன்று ஆய்வுக்கூடத்தில் குடுவையும் அளவைக் குழாயுமாக நிற்கிறேன். ஆகவே 1953ஆம் ஆண்டு இராஜாஜியை என்னால் ஏற்க முடியாது. 1925ஆம் ஆண்டு இராஜாஜியையோ என்னால் மறக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே மனிதர் என்பதுதான் எனக்குள்ள தொல்லை.

1954இல் முதன்முதலாகப் பாரத ரத்தினம் வழங்கப்பட்டபோது, இராதாகிருஷ்ணன், சி. வி. இராமன் ஆகியோரோடு அவரும் பெற்றார். ஓய்வெடுக்கும் வயதில் அவர் ஓயவில்லை. 1959இல், எண்பது வயதைக் கடந்தபின், நேருவின் சமதர்மக் கொள்கையையும் கூட்டுறவுப் பண்ணைத் திட்டத்தையும் எதிர்த்துச் சுதந்திராக் கட்சியை நிறுவினார். இங்கிலாந்தில் பழமை பேணுவோர்க்கு வெளிப்படையான கட்சி ஒன்று உண்டு. நம் நாட்டிலோ எல்லாரும் தம்மை முற்போக்காளர் என்றே சொல்லிக்கொள்வர். எதற்கும் உரிமச் சீட்டு வாங்கவேண்டிய ஆட்சி ஊழலை வளர்க்கும் என்று அவர் கூச்சமின்றி எச்சரித்தார். 1991இல் அந்த உரிமச் சீட்டு முறையைக் காங்கிரசு அரசே பெருமளவு கலைத்தது.

அக்கட்சியின் வரலாற்றிலும் சித்தூருக்கு ஓர் இடமுண்டு. திருச்சானூரிலே பிறந்தவரும் மக்களவைத் தலைவராக விளங்கியவருமான அனந்தசயனம் ஐயங்கார், 1962இல் சித்தூர்த் தொகுதியில் வென்றபின் பீகார் ஆளுநராகச் சென்றார். அதனால் வந்த இடைத்தேர்தலில், சுதந்திராக் கட்சித் தலைவர் என். ஜி. ரங்காவைச் சித்தூர் மக்கள் தேர்ந்தெடுத்தனர். மக்களவையில் 1962இல் 18 இடங்கள் பெற்ற கட்சி 1967இல் 44 இடங்கள் பெற்றது. அவ்வாண்டு தமிழகத்தில் தி. மு. கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தினார் இராஜாஜி. தாம் ஒருகாலத்தில் சிறைக்கு அனுப்பிய இந்தி எதிர்ப்பாளர்களின் வழிவந்தோரோடு ஒரே மேடையில் அமர்ந்தார். 1971இல் கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார், வயது 94. தலைவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில் கட்சியும் மறைந்தது.

அவர் எழுதி, எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய குறையொன்றுமில்லை என்ற பாட்டு இந்த மலையில் நிற்கும் இறைவனை நோக்கியது. அதில் இறைவன் திரைக்குப் பின்னே நிற்கிறான். அடியவன் அதையும் குறையாகக் கொள்ளவில்லை. சித்தூர் வழக்கை அறிந்த பின் எனக்கு அந்தத் திரை வேறாகத் தெரிகிறது. சிலருக்கு அது பாட்டிலே வரும் திரை. சிலருக்கு அது காவற்காரன் நின்ற வாசல்.

இந்த நீண்ட வாழ்வைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். குழாயடியில் நின்ற பணியாளரையும், கூண்டில் நின்ற பக்தரையும் அவர் ஒரு மனிதராகக் கண்டார். அப்போது பழமை வழிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை அவர் கோட்டையிலிருந்து எண்ணிக்கையாகக் கண்டார். அப்போது பழமை வழிமறித்தது. பழமையைப் பேணுவது மட்டுமே குற்றமாகாது. யாருடைய பழமையை, யாருடைய தோளின்மேல் வைத்துப் பேணுகிறோம் என்பதே கேள்வி. இந்தக் கேள்வி புதுமை பேசும் நமக்கும் பொருந்தும்.

சென்ற ஞாயிறன்று கணித நண்பரை அழைத்துக்கொண்டு திருச்சானூருக்குப் போனேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். முன்னால் நின்ற அம்மாள் தெலுங்கிலும் பின்னால் நின்ற பெரியவர் தமிழிலும் வெயிலைக் குறைகூறினர். யார், எந்த ஊர், எந்தக் குலம் என்று எங்களை எவரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் நண்பர், சரி, எழுது என்றார். எழுதிவிட்டேன். மன்றத்தில் அவர் படத்தை மாட்டுவதா வேண்டாமா என்பதை, இரண்டு பக்கத்தையும் படித்த நீங்கள் முடிவு செய்யுங்கள்.